மரம் சுமந்த தோளும் படகிழுக்கும் டிராக்டரும்

சோழமண்டலக் கரையில் கடல் தொழிலின் பாதி மணலில்தான் நடக்கிறது. இயற்கைத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள இந்தக் கரையில் அதிகம் கிடையாது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை பெரும்பாலும் திறந்த கடல், சரிந்து இறங்கும் மணல், ஓயாமல் உடையும் அலை. வந்த கலத்தை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரமணலைத் தாண்டி, பொங்கினாலும் கடல் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் விடியுமுன் அதையே திரும்பவும் இறக்க வேண்டும். மீன் கிடைக்காத நாளிலும் இந்த வேலை உண்டு.

இந்த வேலையை மனதில் வைத்தே உருவானது கட்டுமரம். அதன் மிதக்கும் திறனைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அதன் கெட்டிக்காரத்தனம் கரையில்தான் வெளிப்பட்டது என்று தோன்றுகிறது. எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் நிற்க அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கட்டிய கயிற்றை அவிழ்த்தால் கலம் தனித்தனி மரங்களாகப் பிரிந்துவிடும். இரண்டு பேர் ஒரு மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிடலாம். திரும்பி வந்து அடுத்த மரம். பெரிய அலைக்காலத்தில்கூட நாலைந்து நடையில் முழுக் கலமும் தென்னை மரத்தடிக்குப் போய்விடும்.

பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. லேசான மரம் தண்ணீரை உறிஞ்சும். ஊறிய மரம் கனக்கும், தாழ்ந்து மிதக்கும். எனவே தொழில் முடிந்ததும் மரங்களை வெயிலில் பரத்திக் காயவைக்க வேண்டும். சுமப்பதும் காயவைப்பதும் ஒரே வேலையாக முடிந்தன. குமரிப் பக்கத்தில் மூன்று நான்கு மரங்களோடு சிறியதாகவும், வடக்கே போகப் போக மரங்கள் கூடிப் பெரியதாகவும் கட்டுவது வழக்கம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த வேறுபாடுகளை 1920-களிலேயே விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

அவிழ்க்க நேரமில்லாதபோது வேறு முறைகள் உண்டு. கலத்தின் ஒரு முனையைத் தூக்கி அரைவட்டமாகத் திருப்பி வைப்பார்கள். பிறகு மறுமுனையைத் தூக்கித் திருப்புவார்கள். இப்படி மாறி மாறித் திருப்பினால் மரம் மணலில் நடந்து ஏறும். கயிற்று வளையம் போட்டு அதற்குள் கழி செருகி, நான்கு பேர் தோளில் தாங்கித் தூக்குவதும் உண்டு. ஆள் குறைந்தால் கரையில் நிற்கிற கிழவர் கை கொடுப்பார். அவருக்குக் குழம்புக்கு மீன் போகும். அது கூலியென்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் யாரும் மறப்பதில்லை.

துறைமுகம் கட்டுமுன் சென்னைப் பட்டினத்தின் பிழைப்பே இந்தத் தோள்களை நம்பித்தான் இருந்தது. கப்பல்கள் அலை உடையும் வரிசைக்கு வெளியே நின்றுவிடும். ஆட்களும் சரக்கும் ஆணியில்லாமல் தைத்த மசூலாப் படகில் கரைக்கு வந்தன. கப்பலுக்குப் போகும் கடிதத்தைக் கட்டுமரக்காரர் தலைக் குல்லாயில் நனையாமல் செருகிக்கொண்டு அலையைக் கடந்தார். மசூலாப் படகு கடல் ஓரளவு அடங்க வேண்டுமென்று காத்திருந்த நாளிலும் கட்டுமரம் போய்வந்தது.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோள் காய்த்துப்போன, முதுகு வளைந்த மனிதர்களின் வேலை அது. மரத்தின் மேல் இடுப்புவரை நனைந்து உட்கார்ந்துகொண்டு துடுப்புப் போட வேண்டும், அல்லது பாய்க்குக் காற்று வேண்டும். வெகுதூரம் போக முடியாது, அதிக வலை ஏற்ற முடியாது. மகனுக்கு எஞ்சின் படகு வேண்டுமென்று தகப்பன் ஆசைப்பட்டதில் தவறே இல்லை.

எஞ்சினைக் கடற்கரைக் கலத்தில் வைப்பது சுலபமாக இருக்கவில்லை. விசைப்படகுகள் துறைமுகத்துக்கும் முகத்துவாரத்துக்கும் போய்விட்டன, மணலோரத்துக் குப்பங்கள் பழைய இடத்திலேயே நின்றன. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏறி இறங்கும் படகு ஒன்றை வடிவமைக்க ஆண்டுக்கணக்கில் முயன்றது. மணலில் உரசாதபடி எஞ்சினும் அதன் விசிறியும் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றையும் அதன் பொறியாளர்கள் செய்து பார்த்தார்கள். குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜிலே, உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகு கட்டினார். அந்த அனுபவத்தை எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்குச் சிறியது கடினமானது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அலையைத் தாங்க வலுவும் வேண்டும், ஆள் தூக்க லேசாகவும் இருக்க வேண்டும் என்ற இழுபறியில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

இழுபறியைக் கடைசியில் தீர்த்தது கண்ணாடி இழைப் படகு. கரையில் அதற்கு ஃபைபர் என்றுதான் பெயர். சுனாமிக்கு முன்பே வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கரையோடு இருந்த ஆயிரக்கணக்கான கட்டுமரங்களைக் கடல் வாரிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்ததில் பெரும்பங்கு ஃபைபர்தான். மரம் வைத்திருந்தவருக்கு மரமே தேவையா என்று கேட்க நிதி தந்தவர்களுக்கு நேரமில்லை. சில ஊர்களில் ஆளைவிடப் படகு அதிகமானது. கட்டுமர வடிவில் ஃபைபரில் வார்த்த கலமும் பரவியது. அதை அவிழ்க்க முடியாது, ஆனால் அது ஊறவும் ஊறாது, காயவைக்கும் வேலை ஒழிந்தது.

ஆனால் எடை ஏறிவிட்டது. எஞ்சின், வலை, டீசல், ஐஸ் எல்லாம் சேர்த்தால் பெரிய ஃபைபர் ஒரு டன்னைத் தாண்டும். முதலில் இருபது பேர் கூடி, கட்டைகளை அடியில் உருட்டி இழுத்தார்கள். பிறகு ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் படிக்கப் போனார்கள், வளைகுடாவுக்குப் போனார்கள். அந்த இடத்தில் டிராக்டர் வந்து நின்றது.

இன்று படகு கரையேறுவதைப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. படகோட்டும் தண்டல் அலையின் முதுகில் படகை வைத்து எஞ்சினை முழுவேகத்தில் விடுவார். கரை நெருங்கும் நேரத்தில் எஞ்சினின் வால் தண்ணீரிலிருந்து மேலே தூக்கப்படும். படகு ஈரமணலில் வழுக்கி ஏறி நிற்கும். அடுத்த அலை வந்து பக்கவாட்டில் திருப்புமுன் ஒருவர் குதித்து படகின் முன்முனையான அணியத்து வளையத்தில் கயிற்றை மாட்ட வேண்டும். டிராக்டர் இழுக்கும். அடிப்பக்கம் மணலில் தேயாமல் இருக்கக் கட்டை போடுவார்கள், போட்ட கட்டையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் ஓடிப் போட ஒரு பையன் வேண்டும். முன்பு இருபது பேர் மூச்சுப் பிடிக்கும்போது ஏலேலோ பாட்டு கேட்டது. இப்போது டிராக்டர் சத்தத்தில் கத்தினால்தான் ஓட்டுநருக்குக் கேட்கும்.

டிராக்டருக்கு வாடகை உண்டு. சில ஊர்களில் பஞ்சாயத்தே வாங்கி வைத்திருக்கிறது, சிலவற்றில் தனியார் வண்டி. டீசல், ஐஸ் செலவோடு இதுவும் பங்கு பிரிப்பதற்கு முன்பே கழிந்துவிடும். மீன் இல்லாத நாளிலும் படகு ஏறியாக வேண்டுமே, வாடகையும் விழுகிறது. உப்புத்தண்ணீரில் ஓடும் வண்டிக்கு ஆயுசு குறைவு என்பதால் வண்டிக்காரரையும் குறைசொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் ஒரே மாலையில் மேட்டுக்குப் போக வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது போன்ற நேரங்களில் யார் படகு முதலில் என்பது பெரிய கேள்வி. அவரவர் மரத்தை அவரவர் தோளில் தூக்கிய காலத்தில் இந்த வரிசை கிடையாது.

இதே மணல் கலிபோர்னியாவிலும் தொல்லை கொடுத்தது. சர்ஃப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் 1960-களின் கடைசியில், அலையிலிருந்து நேராக மணலுக்கு ஏற்றக்கூடிய இரட்டை உடல் பாய்க்கலத்தை விற்கத் தொடங்கினார். நம் கட்டுமரத்துக்கும் அந்தக் ‘கேட்டமரானுக்கும்’ பெயரளவில்தான் உறவு. அந்த வகைக் கலங்களில் சுமார் 145 கிலோ எடையுள்ள ஹோபி 16-ஐ ஒருவரோ இருவரோ நகர்த்துவதற்கு அங்கே கண்ட வழி சக்கரம். சாதாரணச் சக்கரம் மணலில் புதைந்துவிடும் என்பதால் காற்றுக் குறைவாக அடித்த பருத்த பலூன் டயர். அச்சை எடை சமநிலையாகும் இடத்தில் வைத்துவிட்டால் கையில் அதிகம் கனக்காது. பொழுதுபோக்குக் கலத்துக்கு அது போதும். வலையும் மீனும் ஏற்றிய ஒரு டன் ஃபைபரை அதில் வைத்து ஈரமணல் ஏற்றத்தில் தள்ள முடியாது.

எடை குறைந்த கலத்தின் தேவை இங்கேயும் தீரவில்லை. தெர்மாகோல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, தனியாளாக ஓரக்கடலில் தொழில் செய்பவர்கள் இன்றும் உண்டு. எஞ்சின் கிடையாது, ஒரு துடுப்பு, கொஞ்சம் வலை. முடிந்ததும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். அலையில் உடைந்து கடலில் குப்பையாகும் பொருள் அது, பாதுகாப்பும் குறைவு. ஆனாலும் பங்காளியும் டிராக்டரும் இல்லாத மனிதருக்குக் கட்டுமரம் விட்டுச்சென்ற இடத்தை இதுதான் நிரப்புகிறது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் கலத்தில் இல்லை, மணலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா அப்படித்தான் அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கப்பட்டுக் கருங்கல் கொட்டப்பட்டது. புதுச்சேரியிலும் 1980-களின் துறைமுகத்துக்குப் பிறகு இதே கதை. ஒரு பக்கம் படகை இழுக்க வேண்டிய தூரம் கூடியது, மறுபக்கம் இழுக்க மணலே இல்லை. கருங்கல் மேல் டிராக்டர் ஏறாது. கரையைக் காப்பாற்றக் கல் கொட்டும் திட்டங்கள், படகு எங்கே ஏறும் என்பதை முதலில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

மணல் மீதியிருக்கும் இடங்களில் நாமும் கொஞ்சம் கவனிக்கலாம். குப்பத்தை ஒட்டிய கரையில் டிராக்டர் தடம் மேட்டுக்கும் அலைக்கும் நடுவே போய்வருவது பார்த்தாலே தெரியும். மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் அந்தத் தடத்தில் காரையும் பைக்கையும் நிறுத்தாதீர்கள்.