பதிவு அமைவுக் கோப்புகள் ஒன்றிணையும் முறை

மென்பொருள் ஒன்று இயங்கும்போது தான் செய்தவற்றையும் எதிர்கொண்ட தடைகளையும் எழுதிவைப்பது பதிவு எனப்படுகின்றது. எதை எழுதுவது, எங்கே சேர்ப்பது என்பவற்றை நிரலுக்கு வெளியே நின்று தீர்மானிப்பது அமைவுக் கோப்பு ஆகும். இலங்கையில் 2005ஆம் ஆண்டு தோன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் மென்பொருள்களும் இப்பணிக்கு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் லொக்4ஜே 2 என்னும் கருவியையே பயன்படுத்துவதால், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களிலிருந்து இத்துறைக்குள் நுழையும் இளைஞர்கள் அதன் விதிகளை நுணுக்கமாக அறிந்திருத்தல் நன்று.

எல்லாச் சேவையகங்களுக்கும் பொதுவான கோப்பொன்றையும் குறித்த சேவையகத்துக்கு மட்டும் உரிய கோப்பொன்றையும் காற்புள்ளியிட்டு வரிசையாகக் குறிப்பிட்டால், 2016இல் வெளிவந்த 2.6ஆம் பதிப்பு முதல் இக்கருவி அவற்றை ஒன்றாக்கிக் கொள்கின்றது. முந்தைய சுற்றறிக்கையின் ஒரு பந்தியைப் பிந்தைய சுற்றறிக்கை திருத்தினால் ஏனைய பந்திகள் நடைமுறையில் தொடர்வதைப் பிரதேச செயலகப் பணியாளர் அறிவர். இங்கும் அவ்வாறே நிகழும் என்று எதிர்பார்ப்பது இயல்பெனினும், அந்த எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை.

பதிவைக் கோப்புக்கோ திரைக்கோ கொண்டுசேர்க்கும் கூறு அப்பென்டர் எனப்படும். இரு கோப்புகளிலும் ஒரே பெயரில் அப்பென்டர் இருந்தால், பிந்தையது முந்தையதை அதன் உட்கூறுகள் அனைத்துடனும் அகற்றிவிட்டுத் தானே அவ்விடத்தில் அமர்கின்றது. பொதுக் கோப்பில் நேரம், தீவிரநிலை ஆகியவற்றை அச்சிடுவதோடு அடையாள அட்டை இலக்கங்களை மறைக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்க, இரண்டாம் கோப்பில் சேமிக்கும் இடத்தை மாற்றுவதற்காக மட்டும் அதே அப்பென்டர் மீண்டும் எழுதப்படுமாயின், அந்த ஏற்பாடுகள் யாவும் மறைந்து செய்தி மட்டும் வெறுமையாகப் பதிவாகும்.

எந்தப் பகுதியின் செய்தி எந்நிலை முதல் பதியப்பட வேண்டும் எனக் கூறும் லொகர் இதற்கு மாறானது: அதன் பண்புகள் தனித்தனியே ஒப்பிடப்பட்டுப் பிந்தையவை மட்டும் மேவுகின்றன, அது சுட்டும் அப்பென்டர்களோ ஒன்றோடொன்று சேர்ந்து கூடுகின்றன. ஆகவே பொதுக் கோப்பில் சுட்டப்பட்ட திரை வெளியீட்டை இரண்டாம் கோப்பில் குறிப்பிடாது விடுவதால் அது நீங்கிவிடாது. கோப்பு மாறியதா என எத்தனை விநாடிக்கு ஒருமுறை பார்ப்பது என்னும் அமைப்பிலோ வரிசை கணக்கில் கொள்ளப்படுவதேயில்லை. பூச்சியத்தை விடப் பெரியவற்றுள் மிகச் சிறியதே தெரிவுசெய்யப்படுகின்றது.

சேமிக்கும் இடத்தைப் பொதுக் கோப்பிலேயே பெயரிட்ட மாறியாக வைத்து, இரண்டாம் கோப்பில் அம்மாறியின் பெறுமதியை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பான வழியாகும். 2021 டிசம்பரில் இதே கருவியில் வெளிப்பட்ட பாரிய பாதுகாப்புக் குறைபாடு, பதிவு என்பது பின்புறத்தில் தானாக நடந்துவிடும் சிறுவேலை அன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ள நாட்டில், ஒரு நோயாளியின் அல்லது வாடிக்கையாளரின் விவரம் பதிவுக் கோப்பில் வெளிப்படையாகக் கிடப்பது மென்பொருளாளர் மீது வைக்கப்பட்ட நம்பிக்கையை மீறுவதாகும். எனவே, கோப்புகளைத் தனித்தனியே வாசித்துத் திருப்தியடையாமல், அவை ஒன்றிணைந்த பின்னர் எழுதப்படும் பதிவின் சில வரிகளையேனும் திறந்து பார்த்த பின்பே சேவையகத்தைப் பயன்பாட்டுக்கு விடுதல் வேண்டும்.