பழைய கிராமபோனுக்குப் புது முலாம்

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால், ஈயம் பூசுகிறவரை அழைத்துப் புதுப்பித்துக் கொள்வது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்பது நம் பாட்டிமார் அறிந்த ரஸாயனம். பரணில் கிடக்கும் கிராமபோனுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

அதன் சவுண்டு பாக்ஸிலும், அதைத் தாங்கும் வளைந்த குழலிலும், சாவி கொடுக்கும் கைப்பிடியிலும் மினுங்குவது பெரும்பாலும் வெள்ளியன்று, நிக்கல் முலாம். 1930-ஐ ஒட்டி வந்த பெட்டிகள் சிலவற்றில் குரோமிய முலாமும் உண்டு. நிக்கலின் வெண்மையில் சற்றே மஞ்சள் கலந்திருக்கும்; குரோமியத்தில் நீலம் பாய்ந்திருக்கும். ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றைப் பூசினால் பெட்டியின் முகமே மாறிவிடும்.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம் போன்ற ஊர்களில் கடற்காற்று முலாமுக்குப் பகை. நிக்கல் பூச்சில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. உப்பும் ஈரமும் அவ்வழியே நுழைந்தால், உள்ளே பித்தளையாயின் பச்சைக் களிம்பும், இரும்பாயின் துருவும் தோன்றும். நிக்கலைக் காட்டிலும் இரும்பு எளிதில் அரிக்கப்படுவதால், சிறு கீறல் விழுந்தாலும் நஷ்டம் உள்ளிருக்கும் இரும்புக்கே.

மறுபடி முலாம் பூசுவது மின்சாரத்தின் வேலை. நிக்கல் ஸல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றும் கரைந்த வெதுவெதுப்பான நீரில், நிக்கல் தகட்டை நேர்முனையிலும் பொருளை எதிர்முனையிலும் தொங்கவிட்டால், நிக்கல் சிறிது சிறிதாகப் பெயர்ந்து பொருளின் மேல் படியும். அமெரிக்கரான ஆலிவர் வாட்ஸ் 1916-ல் வகுத்த கலவை இது. அந்நியர் வித்தையென்று நாம் அயர்ந்திருக்கவும் இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்கினார். 1948 ஜூலை 25-ல் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ல் நிலையம் திறக்கப்பெற்றது. முலாம் பூசும் முறைகளும் அங்கு ஆராயப்படுவனவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. முலாம் பள்ளத்தை நிரப்பாது. பள்ளம் பள்ளமாகவே பளபளக்கும். ஆகையால் பட்டறைக்காரர் பழைய பூச்சை நீக்கி, உலோகத்தைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார். அதிகம் தேய்த்தால் பொறித்த எழுத்தும் சின்னமும் மறையும். போன எழுத்தை எந்த முலாமும் மீட்டுத் தராது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களோ இன்னும் மென்மையானவை. அவற்றிற்கு முதலில் செம்புப் பூச்சு வேண்டும். அதற்குச் சயனைடு கலந்த தொட்டியே வழக்கம். அது வீட்டில் செய்து பார்க்கும் காரியமன்று. நிக்கல் உப்புக்களும் தோலுக்கும் சுவாசத்துக்கும் தீங்கானவை.

எனவே நேயர்கள் முதலில் மெல்லிய துணியால் தூசு துடைக்கட்டும். புளியும் சாம்பலும் ஆகா: புளி அரிக்கும், சாம்பல் கீறும். பூச்சு பெரும்பாலும் நின்றிருந்தால், சிறிது மெழுகு தடவிக் காப்பதே போதும். துரு பரவுகிறதென்றால், அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி, சவுண்டு பாக்ஸாயின் உள்ளிருக்கும் அப்பிரகத் தகட்டைத் தேர்ந்தவர் கையால் எடுத்துவைத்து, "எழுத்து அழியாமல் நிக்கலே பூசுக" என்று சொல்லிக் கொடுங்கள்.

பாட்டு பிறப்பது தகட்டின் அதிர்விலே. முலாமின் பளபளப்பிலே அன்று. பாட்டனார் கைபட்டுத் தேய்ந்த இடம் சற்று மங்கியிருந்தால் குறையொன்றுமில்லை. துரு மட்டும் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.