ஷெல் கட்டளையைத் தேடும் வழி: ‘பாத்’ பிழைகளும் திருத்தமும்

டெர்மினலில் ‘பைத்தான்’ என்று தட்டியதும், அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று ஷெல் தேடுகிறது. தேட வேண்டிய கோப்புறைகளை முக்காற்புள்ளியால் பிரித்து வரிசையாகச் சொல்லும் பட்டியலே ‘பாத்’ என்னும் சூழல் மாறி. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லிலேயே இந்த ஏற்பாடு உண்டு.

பேராக் ரப்பர் தோட்டத்து லயத்தில் முனியாண்டியைத் தேடி வருபவர் முதல் வீட்டிலிருந்து வரிசையாக விசாரித்து, அந்தப் பெயரில் முதலில் அகப்படுபவரையே கூட்டிப்போவார். கடைசி வீட்டு முனியாண்டி அவர் கண்ணில் படமாட்டார். ஷெல்லும் அப்படித்தான். இரண்டு பைத்தான்கள் இருந்தால் பட்டியலில் முந்திய கோப்புறையில் இருப்பதே ஓடும். ‘டைப் -ஏ பைத்தான்’ என்ற கட்டளை இரண்டையும் வரிசைப்படி காட்டிவிடும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பட்டியலோடு சேர்க்காமல் பட்டியலையே மாற்றி எழுதிவிடுவது. புதிய கோப்புறையோடு ‘$பாத்’ என்று பழைய மதிப்பையும் எழுதாவிட்டால், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’கூட ஓடாது. ஷெல்லுக்குள்ளேயே அமைந்த ‘சிடி’, ‘எக்கோ’ போன்றவை மட்டும் வேலை செய்யும். நிரல்கள் எதுவும் அழியவில்லை. தேடும் பட்டியல்தான் போய்விட்டது. ‘/பின்/எல்எஸ்’ என்று முழுப்பாதையைக் கொடுத்தால் உடனே ஓடும். ‘பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்’ என்று தட்டினால் அந்தச் சன்னலில் அடிப்படைக் கட்டளைகள் திரும்பிவிடும். பிறகு, ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து தவறான வரியைத் திருத்தலாம்.

மற்றவை சின்னப் பிழைகள். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டால், ‘பாத்’தையே ஒரு கட்டளையாக எண்ணி ஷெல் தேடும். விண்டோஸ் பழக்கத்தில் அரைப்புள்ளி போட்டால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியை மேற்கோளுக்குள் வைத்தால் அது விரியாது. அமைப்புக் கோப்பு மாறிப்போவதும் உண்டு: பாஷ் என்னும் ஷெல் ‘.பாஷ்ஆர்சி’யையும் ஸீஷெல் ‘.ஸீஷ்ஆர்சி’யையும் படிக்கும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக் கணினிகளில் ஸீஷெல்லே இயல்பான ஷெல் என்பதால், பழைய கையேட்டைப் பார்த்து பாஷ் கோப்பில் எழுதியது அங்கே பலிக்காது.

டெர்மினலில் நேரடியாகத் தட்டிய மாற்றம் அந்தச் சன்னலோடு போய்விடும். கோப்பில் எழுதியது அடுத்துத் திறக்கும் சன்னலில்தான் நடப்புக்கு வரும். ஆகவே திருத்தியதும் பழைய சன்னலை மூடாமல், புதியதைத் திறந்து சோதிக்க வேண்டும். பிழை மிஞ்சியிருந்தாலும், சரிசெய்ய ஓடும் ஷெல் ஒன்று கைவசம் இருக்கும்.