அனைவரும் ஆடும் கோடை முகாம்

கோடை விடுமுறை தொடங்கியதும் டெல்லி, போபால், நாக்பூர் போன்ற நகரங்களில் பள்ளி வளாகங்களிலும் பூங்காக்களிலும் கோடைக்கால முகாம்கள் நடைபெறுகின்றன. ஓவியம், நாடகம், நீச்சல், கிரிக்கெட் எனப் பலவற்றைக் குழந்தைகள் அங்குப் பழகுகின்றனர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் சில முகாம்களில் சேர்க்கப்படுகின்றனர். சேர்ந்தபின் அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதே கருதத்தக்கது. சக்கர நாற்காலியில் வரும் சிறுமியிடம் ஓட்டங்களைக் குறிக்கும் ஏட்டைக் கொடுத்து மர நிழலில் அமர்த்திவிடுவதுண்டு. அன்போடுதான் அவ்வாறு செய்கின்றனர். எனினும், முகாம் முடியும்வரை பிறர் எடுத்த ஓட்டங்களையே எழுதியவள் விளையாடினாள் என்று கூற இயலாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை ஏழாகவே இருந்தன. கல்வி நிறுவனங்கள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பிறரைப் போன்றே வாய்ப்பளிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

விதிகளைச் சற்றே மாற்றினால் ஆட்டம் எவ்வளவு விரியும் என்பதற்குப் பார்வையற்றோர் கிரிக்கெட் நல்ல சான்றாகும். இதன் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998ஆம் ஆண்டு புது டெல்லியில் நடைபெற்றது. பந்தினுள் சிறு உலோகக் குண்டுகள் இருப்பதால் அது உருளும்போது ஒலி எழும். பந்து வீசுபவர் முதலில் "தயாரா?" என வினவுவார், மட்டையாளர் "ஆம்" என்ற பின்னரே கையைத் தாழ்த்தி வீசுவார். ஒவ்வோர் அணியிலும் முழுமையாகப் பார்வையற்றவர் நால்வரேனும் இடம்பெற வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இருமடங்காகக் கணக்கிடப்படும். அங்கே ஏட்டோடு ஒதுங்கி அமர்வதற்கு இடமில்லை!

முகாம்களிலும் இத்தகைய மாற்றங்கள் எளியவையே. ஊதல் ஒலியுடன் கொடியும் அசைத்தால் செவித்திறன் குறைந்த சிறுவன் மற்றவர்களோடு ஓடத் தொடங்குவான். அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரைந்து காலையிலேயே மாட்டிவைத்தால், அடுத்து என்ன நிகழும் என்றறியாது கலங்கும் ஆட்டிசம் உள்ள குழந்தை அமைதி பெறும். பேரொலி சிலருக்குத் துன்பம் தருவதால், ஓய்வெடுக்க ஓர் அமைதியான அறையும் வேண்டும்.

சக்கர நாற்காலிச் சிறுமி மட்டை பிடிக்க, அவளுக்காகத் தோழி ஒருத்தி ஓடலாம். ஆடுகளத்தைப் புல்தரையிலிருந்து சிமெண்ட் தளத்திற்கு மாற்றினால் அவளே தன் நாற்காலியை உருட்டி ஓட்டம் எடுக்கவும் கூடும். இவ்விரண்டில் எதனை அவள் விரும்புகிறாள் என்பதை முகாம் தொடங்கும் முன்பே அவளிடம் கேட்டறிய வேண்டும். குறைபாட்டின் வகையை மட்டும் கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் இவ்வினாவுக்கு இடமிருப்பதில்லை.