நிறுத்தம் இல்லாத பஸ்

'ஃப்ரீ ஜாஸ்' என்றதும் ஆளாளுக்கு இஷ்டப்படி ஊதுவது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயர் பரவக் காரணமான சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனும் இந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்தவர்தான். டீ ஆறுவதற்குள் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வழக்கமான ஜாஸில் மெட்டுக்கு அடியில் 'கார்டு'கள் வரிசையாக வரும். கார்டு என்றால் சேர்ந்தாற்போல் ஒலிக்கும் சில சுரங்கள். அவற்றை டவுன் பஸ் நிறுத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்து வாசிப்பவர் வழியில் என்ன வேடிக்கை காட்டினாலும், அந்தந்த நேரத்துக்கு அந்தந்த நிறுத்தத்துக்கு வந்தாக வேண்டும். கடைசி நிறுத்தம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கோல்மன் எடுத்துவிட்டது இந்த நிறுத்தங்களைத்தான். மெட்டு இருந்தது, தாளமும் இருந்தது. நிறுத்தத்தின் பெயரைக் கூவும் கண்டக்டர் மாதிரியான பியானோவைத் தன் நால்வர் குழுவில் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது? பக்கத்தில் இருப்பவரைத்தான். திண்ணைப் பேச்சுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனாலும் ஒருவர் விட்ட இடத்தில்தானே அடுத்தவர் தொடங்குகிறார்? காது கொடுக்காதவர் உடனே மாட்டிக்கொள்வார். என்னைக் கேட்டால், பஸ்ஸில் போவதே சுலபம்.

1930இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கோல்மன். இளவயதில் லூசியானாவில் ஒரு கும்பல் அவரை அடித்து, சாக்ஸபோனையும் நொறுக்கிப் போட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் லிஃப்ட் இயக்கிப் பிழைத்தார். உலோக சாக்ஸபோனுக்குக் காசில்லாமல் 1954இல் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கினார். பார்த்தவர்கள் பொம்மை என்றார்கள்.

அந்தப் பொம்மையோடுதான் 1959 நவம்பரில் நியூயார்க்கின் 'ஃபைவ் ஸ்பாட்' விடுதி மேடை ஏறினார். டிரம்பெட்டில் டான் செர்ரி, பேஸில் சார்லி ஹேடன், டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ். மேதை என்றது ஒரு கூட்டம், ஏமாற்றுக்காரர் என்றது இன்னொன்று.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பதிவான இசைத்தட்டின் பெயரே 'ஃப்ரீ ஜாஸ்'. இரண்டு நால்வர் குழுக்கள் ஒன்றாக, சுமார் 37 நிமிடம் வாசிக்கின்றன. அதிலும்கூட ஒவ்வொருவர் முறைக்கும் முன்னால் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் பகுதிகளை அவர் எழுதி வைத்திருந்தார்! வெகு காலம் கழித்து, 2007இல் இசைக்கான புலிட்சர் பரிசு வந்தபோது அவருக்கு வயது 77.

கேட்டுப் பார்க்க, 1959இல் வந்த அவருடைய 'லோன்லி வுமன்' இருக்கிறது; ஐந்து நிமிடம்கூட இல்லை. டிரம்ஸ் விரைந்தோட, மெட்டு மட்டும் நிதானமாக வரும். முதல் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு ஹேடனின் பேஸை மட்டும் கேளுங்கள்.