கிணற்று நீரும் கைக்குழந்தையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை தரும் நீரை நிலத்தடியில் ஏந்திவைத்துக் கிணற்றின் வழியே நமக்கு வழங்குவது சுண்ணாம்புக்கற் பாறையே. ஆதலால் நம்மவர் வாழ்வு கிணற்றைச் சுற்றியே அமைந்தது. கட்டில்லாக் கிணறு தவழும் குழந்தையை விழுங்கிவிடும் என்பதை நம் தாய்மார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கிணற்றுள் வீழாமலே, அதன் நீரை அருந்துவதனாற் கைக்குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்தொன்றும் உண்டு. தெளிந்ததும் மணமற்றதும் சுவையிற் குறைகாண முடியாததுமான நீரிலும் அது மறைந்திருக்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1945 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவரான ஹன்ரர் கொம்லி என்பார், நாட்டுப்புறச் சிசுக்களின் உடல் நீலம்பாரித்தமைக்கு அவர்தம் புட்டிப்பாலைக் கரைக்க எடுத்த கிணற்று நீரே காரணம் என மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அந்நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு மிகுதியாகக் கரைந்திருந்தது. 1951 இல் அந்நாட்டில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, இவ்வாறு நோயுற்ற குழந்தைகள் 278 பேர் எனவும் அவருள் 39 பேர் மாண்டனர் எனவும் கணக்கிட்டது. 'நீலக் குழந்தை நோய்' எனப் பின்னர் வழங்கப்பட்டது இதுவேயாம். பிறவியிலேயே இருதயக் குறையுடைய குழந்தைகளையும் இப்பெயரால் அழைப்பதுண்டு. இவ்விரண்டும் வேறு வேறானவை.

நோய் விளையும் முறை வியப்புக்குரியது. நைத்திரேற்று தன்னளவிற் பெருந்தீங்கு செய்வதன்று. வளர்ந்தோர் உண்ணும் கீரையிலும் கிழங்கிலும் அது உண்டு. சில பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றும்போதே தொல்லை தொடங்குகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபினின் இரும்பு பெரசு நிலையில் இருக்கும்வரையே ஒட்சிசனைச் சுமக்க வல்லது. நைத்திரைற்று அவ்விரும்பைப் பெரிக்கு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அவ்வாறு மாறியது மெதீமோகுளோபின் எனப்படும். அது குருதியோடு ஓடிக்கொண்டேயிருக்கும். ஆயின் ஒட்சிசனைச் சுமவாது. வண்டி உண்டு, பாரம் ஏற்ற இடமில்லை என்னும் நிலை இது. இயல்பான குருதியில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருக்கும். பத்துப் பங்கைத் தாண்டினால் உதடும் நகமும் நீலமாகும். ஐம்பதைத் தாண்டினால் உயிருக்கே இடர் நேரும்.

ஒரே கிணற்று நீரைப் பருகும் பாட்டனாருக்கு ஒன்றும் நேராதிருக்கப் பேரப்பிள்ளை மட்டும் நீலமாவது ஏன்? வளர்ந்தோரின் இரைப்பையிலுள்ள வலிய அமிலம் அப்பற்றீரியாக்களைப் பெருகவிடாது. முதற் சில மாதங்களில் சிசுவின் இரைப்பையில் அவ்வமிலம் குறைவு. கருவிலிருந்தே கொண்டுவந்த ஈமோகுளோபின் எளிதில் மாற்றமடையும் இயல்பினது. மாறியதைப் பழைய நிலைக்குத் திருப்பும் நொதியமும் அப்பருவத்தில் முழு வலிமை பெற்றிராது. இவற்றோடு அளவும் சேருகிறது. நான்கு கிலோகிராம் நிறையுள்ள சிசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் பால் அருந்தும். அவ்விகிதப்படி அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் பருகுவதாயின் ஒன்பது இலீற்றர் பருகவேண்டும்!

இனி, நைத்திரேற்று நம் கிணறுகளை அடையும் வழியை நோக்குவோம். வலிகாமத்துச் செம்மண் வளமானது. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் அதில் ஆண்டாண்டாக விளைகின்றன. அம்மண்படை பல இடங்களில் மெல்லியது. அடியிலுள்ளது வெடிப்பும் துளையும் நிறைந்த மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் இட்ட யூரியாவும் சாணமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாகின்றன. பயிர் உறிஞ்சியது போக எஞ்சியதை மண் பற்றிவைப்பதில்லை; நீர் செல்லும் வழியே அதுவும் செல்லும். துலாவால் இறைத்த காலத்தில் நீரும் அளவோடு பாய்ந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் செயற்கை உரமும் பெருகிய பின் நிலைமை மாறிற்று. 1980 களில் இங்குள்ள கிணறுகளை ஆராய்ந்தோர், அவற்றுட் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கத்தக்க எல்லையைத் தாண்டியிருக்கக் கண்டனர். வீட்டுக் கிணறுகளினும் தோட்டக் கிணறுகளில் அது மிகுதி என்பதும் புலப்பட்டது. வீட்டுக் கிணறு இதனால் தப்பிற்று என்று கருதற்க. நெருங்கிய குடியிருப்புகளில் மலக்குழிகளும் நைத்திரேற்றை ஈனுவன. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி விடுதல் கிருமிகளைத் தடுக்க உதவும்; ஆனால் வெடித்த பாறையினூடே கரைந்து செல்லும் உப்பை அவ்விடைவெளி மட்டும் நிறுத்திவிடாது.

2014, 2015 ஆம் ஆண்டுகளிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி குடாநாட்டையே கலக்கிற்று. எண்ணெய் நீரின் மேல் மிதக்கும், மணமும் வீசும். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதன்பொருட்டு வீதிக்கு வருவாரும் அரியர்.

நீரைக் கொதிக்கவைத்துவிட்டோமே என்று ஆறுதலடையும் தாய்மார் பலர். கொதித்தல் கிருமிகளைக் கொல்லும்; ஆகையால் அதனைக் கைவிடலாகாது. எனினும் நைத்திரேற்று ஆவியாகிப் போவதன்று. இலீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள நீரை ஐந்திலொரு பங்கு வற்றும்வரை காய்ச்சினால் எஞ்சிய நீரில் அது இலீற்றருக்கு 125 மில்லிகிராமாக ஏறிவிடும். குளோரின் இடுவதும், மண் வடிகலனில் வடிப்பதும் இதற்குப் பயன்படா.

தாய்ப்பாலே முதற் காப்பு. தாய் அருந்தும் நீரில் நைத்திரேற்று ஓரளவு மிகுந்திருப்பினும் அவள் பாலில் அது அவ்வளவுக்கு ஏறுவதில்லை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலன்றி நீர்த்துளியும் வேண்டா என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுள் நூற்றுக்கு 82 பேர் அவ்வாறே வளர்க்கப்பட்டனர். இது பெருமைக்குரியதே. கவலையெல்லாம் எஞ்சிய பதினெண்மரைப் பற்றியது. தாயை இழந்த குழந்தை, நோயுற்ற தாயின் குழந்தை, தாய் வேலைக்குச் செல்லப் பேர்த்தியார் கையிற் பால்மாவில் வளரும் குழந்தை ஆகியோருக்கே கிணற்று நீர் நேரே உணவாகின்றது. வயிற்றுப் பொருமலுக்கென ஓமநீரும் மல்லிநீரும் பருக்கும் வழக்கமும் இவ்வழியே நீரைச் சிசுவிடம் சேர்க்கிறது.

நைத்திரேற்று மட்டுமே இந்நோயை விளைவிப்பதா, வயிற்றுப்போக்கும் உடன் நின்று உதவுகின்றதா என்பதிற் பிற்கால ஆய்வாளர் கருத்து வேறுபடுவர். வயிற்றுப்போக்குடைய சிசுவின் உடலே நைத்திரைற்றை மிகுவிக்கக் கூடும் என்பர். எவ்வாறாயினும் மலக்குழியருகே உள்ள கிணறு இரண்டையும் ஒருங்கே தரவல்லது. எனவே இவ்வாதம் தாய்க்குரிய கடமையைக் குறைப்பதன்று.

நம் குழந்தைகளின் நிறத்தில் நீலம் எளிதிற் புலப்படாது. உதடு, நாக்கு, நகக்கண் ஆகியவற்றைப் பகலொளியிற் பார்த்தல் வேண்டும். சாம்பல் கலந்த நீலம் தோன்றினால், கிரந்தி என்று எண்ணெய் தடவி நாட்கடத்தாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. இத்தகைய குழந்தையின் குருதி கபில நிறமாயிருக்கும்; ஒட்சிசன் கொடுத்தாலும் நீலம் மாறாது. மெதிலீன் நீலம் என்னும் மருந்தைத் தக்க அளவில் நாளத்தில் ஏற்றினால் விரைவிற் குணமுண்டாகும். குணமடைந்து வீடு திரும்பிய குழந்தைக்கு மீண்டும் அதே கிணற்று நீரிற் பால் கரைத்தால் நோயும் திரும்பும்.

புட்டிப்பால் தவிர்க்க முடியாத வீட்டில், கூரையிலிருந்து தூய்மையாகச் சேமித்த மழைநீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்; பரிசோதிக்கப்பட்ட குழாய்நீரும் ஏற்றது. முதல் மாதங்களிற் கீரைச்சாறு ஆகாது. எந்நீராயினும் பரிசோதித்தறிவதே முறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அணுகினால் வழிகாட்டுவர். அறிக்கையைப் படிக்குங்கால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஏற்கத்தக்க எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நைத்திரேற்றாகக் கணித்தது. அதனையே நைதரசனாகக் கணித்தால் ஏறத்தாழ 11 ஆகும். இரண்டையும் மயங்கி, 30 எனக் கண்டு மகிழ்ந்தவர் உண்மையில் 130க்கு மேற்பட்ட நீரைப் பருகுபவராயிருக்கலாம்.

இரசாயனம் பயிலும் மாணவர் பழுப்பு வளையச் சோதனையை அறிவர். அது கிணற்று நீரிலுள்ள சிறு செறிவைக் காட்டப் போதாது; நிறமானியோ அதற்கென அமைந்த சோதனைத் தாளோ வேண்டும். மாதிரி நீரை ஒருமுறை எடுத்து அமைதல் தகாது. மாரி தொடங்கி முதற் பெருமழைகள் மண்ணைக் கழுவியபின் எடுத்ததும், கோடையில் எடுத்ததும் வேறுபடும். ஆதலின் ஒரே கிணற்றை ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் அளந்து, அவ்வீட்டிலுள்ள சிசுவின் வயதோடு சேர்த்துக் குறித்துவைத்தல் வேண்டும்.