9 வீடு, 9 ராத்திரி, ஒரே பண்டிகை! செலவைப் பங்கு போடும் மெக்சிகோ மக்கள்

போனஸ் பணம் வந்ததும் தெரியாது; போனதும் தெரியாது! மெக்சிகோ நாட்டு சம்பளக்காரர்களுக்கு டிசம்பர் மாதக் கவலை இதுதான்.

அங்கே தொழிலாளிக்கு டிசம்பர் 20-ந் தேதிக்குள் குறைந்தது 15 நாள் சம்பளத்தை போனசாகக் கொடுத்தாக வேண்டும். இது சட்டம். ஆனால், பணம் வருகிற நேரம்தான் பண்டிகை நேரம். 16-ந் தேதி முதல் 24-ந் தேதி வரை 9 ராத்திரி விருந்து!

ஒரே வீட்டுக்காரர் 9 ராத்திரியும் விருந்து போட்டால் என்ன ஆகும்? கடன்தான்! அதற்கு அந்த ஊர் மக்கள் கண்ட வழி, பங்கு.

கதவு திறக்கும்

பண்டிகையின் பெயர் "பொசாதா". தங்கும் இடம் என்று அர்த்தம். நிறைமாத கர்ப்பிணியான மேரியும், ஜோசப்பும் பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்ததை நினைவுபடுத்தும் பண்டிகை. மெக்சிகோ நகருக்கு அருகே உள்ள அகோல்மான் மடத்தில் 1587-ல் இது தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

தெருக்காரர்கள் மெழுகுவத்தியோடு ஊர்வலமாக வருவார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று, தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். கடைசியில் கதவு திறக்கும். அப்புறம் என்ன? எல்லோருக்கும் சாப்பாடு!

இன்று இந்த வீடு என்றால் நாளை அடுத்த வீடு.

சட்டியோடு வந்தால் போதும்

சில விருந்துகளில் வந்தவர்களும் பங்கு கொடுப்பார்கள். அதற்கு "த்ராஹே" விருந்து என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் த்ராஹே என்றால் கோட்டு-சூட்டு. "கொண்டு வந்தேன்" என்றும் ஒரு அர்த்தம் உண்டு. சூட்டு வேண்டாம், சட்டியோடு வந்தால் போதும்! ஒருத்தர் சோறு, ஒருத்தர் பீன்ஸ், இன்னொருத்தர் பலகாரம்.

முக்கியமான பலகாரம் "தமால்". மக்காச்சோளத்தை சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள். கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, உள்ளே கறியும் மிளகாய்ச் சாந்தும் வைத்து, சோளக் கதிரின் காய்ந்த மேல்தோலில் சுற்றி, ஆவியில் வேகவைப்பார்கள். ஒரு ஆள் செய்கிற வேலையா இது? அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் கூடி உட்காருவார்கள்.

குளிருக்கு "போஞ்சே" பானம். கொய்யா, கரும்பு, புளி, பட்டை, வெல்லம் எல்லாம் ஒரே அண்டாவில் கொதிக்கும்.

7 கொம்புப் பானை

பிள்ளைகள் காத்திருப்பது "பின்யாதா"வுக்கு. மண்பானை மேல் வண்ணக் காகிதம் ஒட்டி, 7 கொம்புள்ள நட்சத்திரமாகச் செய்து, கயிற்றில் தொங்க விடுவார்கள். கொம்புகள் 7 பாவங்களாம்! பிள்ளையின் கண்ணைக் கட்டி, கையில் தடி கொடுப்பார்கள். பானை உடைந்தால் நிலக்கடலை, கரும்புத் துண்டு, ஆரஞ்சு, மிட்டாய் கொட்டும். உடைந்த ஓடு காயப்படுத்தும் என்பதால், இப்போது பானை இல்லாமல் வெறும் காகிதக்கூழில் செய்வதும் உண்டு.

ஜனவரி மேடு

இன்று 9 நாளும் நடத்த நேரம் இல்லாமல் ஒரே ராத்திரியில் முடித்துக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸ்களிலும் பொசாதா விருந்து நடக்கிறது.

விருந்து முடிந்ததும் வருவது "ஜனவரி மேடு". கையில் காசு இல்லாமல் அந்த மாதத்தை ஏறிக் கடப்பதற்கு மெக்சிகோக்காரர்கள் வைத்த பெயர் அது.

அதற்குள் ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வந்துவிடும். அன்று பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டும். டிசம்பரில் செலவைப் பங்கு போட்ட வீட்டில், அந்தப் பொம்மைக்குக் காசு மிச்சம் இருக்கும்.